சூடேறும்போது 'டிக் டிக்' என்னும் ஆம்ப்: சத்தத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

கிளாஸ் ஏ ஆம்ப் (பாட்டு ஓடாதபோதும் கரண்ட் இழுத்துச் சூடாகவே இருக்கும் வகை ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும், வீணையில் ஆலாபனை மெதுவாக விரிந்துகொண்டிருக்கும், இரண்டு பிடிகளுக்கு நடுவே விழும் அந்த அமைதியில் 'டிக்' என்று ஒன்று கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து இல்லை, பெட்டியிலிருந்து. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. ஒரு மணி நேரம் போனால் அடங்கிவிடும், ஆனால் ஆஃப் செய்த பிறகு ஆறும்போது மறுபடி ஆரம்பித்து அவ்வப்போது தட்டிக்கொண்டே இருக்கும். பைக்கை நிறுத்தியதும் சைலன்ஸர் 'டிங் டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆறுமே, அதேதான் இதுவும்.

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளில் இப்படிக் கேட்டால் மனம் பதறும். பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது, உலோகம் விரிகிறது, அவ்வளவுதான். அதற்காக "எல்லா ஆம்பும் அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். பல நேரங்களில் ஒரு ஆலன் கீ, பத்து நைலான் வாஷர், இரண்டு மூன்று மாலை நேரப் பொறுமை, இவை இருந்தால் சரியாகிவிடுகிற விஷயம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது சேனலுக்கு 30 வாட் தரும் என் கிளாஸ் ஏ ஸ்டீரியோ ஆம்பில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வந்த வாரமே டிக் சத்தம். எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன், டாப் கவரின் எல்லா ஸ்க்ரூவையும் நன்றாக இறுக்கினேன். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் 'டிக்' போய் 'டக்' என்று வந்தது. முன்பைவிடக் குறைவான தடவைதான், ஆனால் பக்கத்து அறையில் கேட்கும் அளவுக்குப் பலமாக. இறுக்கினால் ஏன் சத்தம் கூடியது என்பது புரிந்த பிறகுதான் என்னால் இதைச் சரிசெய்ய முடிந்தது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 23 மைக்ரான் நீளும். சாதாரண ஸ்டீல் சுமார் 12 மைக்ரான்தான் நீளும். கிளாஸ் ஏ ஆம்பில் பாட்டே ஓடாவிட்டாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். புஷ்-புல் (இரண்டு டிரான்சிஸ்டர் ஜோடியாக வேலை செய்யும்) கிளாஸ் ஏ-வின் உச்சத் திறனே கணக்குப்படி 50 சதவீதம்தான், ஆகவே 30 வாட் ஸ்டீரியோ ஆம்ப் சும்மா இருக்கும்போதே 150 வாட்டுக்கு மேல் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில் இருக்கும் ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றில் விடும், துடுப்பு துடுப்பாக இருக்கும் அலுமினியத் துண்டு) வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மி.மீ. நீளமுள்ள அலுமினிய ஹீட்சிங்க் 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.28 மி.மீ. நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் ஸ்டீல் அடித்தட்டு 15 டிகிரிதான் ஏறியிருக்கிறது என்றால் அது 0.07 மி.மீ. மட்டும் நீளும். வித்தியாசம் 0.2 மி.மீ., அதாவது இரண்டு ஜெராக்ஸ் தாளின் கனம். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கும்போது அந்த 0.2 மி.மீ. எங்கே போகும்? தட்டு வில்லாக வளைந்து விசையைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், அந்த விசை ஸ்க்ரூவின் கீழே இருக்கும் உராய்வைத் தாண்டுகிற கணத்தில் சட்டென்று ஒரு வழுக்கல். அந்த வழுக்கல்தான் டிக். நின்றுகொண்டிருக்கும் பரப்பின் உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பரப்பின் உராய்வைவிட அதிகம் என்பதால் அது மெல்ல ஊர்ந்து போகாமல், நின்று நின்று குதித்துக் குதித்துப் போகிறது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் இன்னும் அதிக விசை சேரும்வரை தாக்குப்பிடிக்கும், பிறகு சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே தடவையில் விடும். என் ஆம்பில் கேட்ட 'டக்' அதுதான்.

ஆக வழி இரண்டே. ஒன்று, அந்த இடத்தைச் சத்தமில்லாமல் வழுக்க விடவேண்டும். இல்லையென்றால் வழுக்கவே முடியாதபடி பிடிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில், பாதி பிடித்தும் பாதி விட்டும் இருக்கும் இணைப்புதான் சத்தம் போடும். மேம்பாலம் கட்டுகிறவர்கள் கர்டரின் ஒரு முனையைப் பொருத்திவிட்டு மறு முனை நகர இடம் விடுவார்கள், வண்டி போகும்போது 'தடக்' என்று கேட்குமே அந்த இடைவெளியும் அதற்காகத்தான். நம் பெட்டிக்கும் அதே யோசனைதான்.

முதலில் இது அந்தச் சத்தம்தானா

ஸ்பீக்கர் வழியாக வருகிறதா, பெட்டியிலிருந்து நேராக வருகிறதா என்று பாருங்கள். ஆம்பை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்து அரை மணி நேரம் விட்டாலே தெரிந்துவிடும். (வால்வு ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து.) ஸ்பீக்கர் வழியாகப் படபடவென்றோ கரகரவென்றோ வந்தால் அது வேறு நோய்: ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச்) கான்டாக்ட், விரிசல் விட்ட சால்டர், சத்தம் போடும் டிரான்சிஸ்டர், இப்படி ஏதாவது. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

ஆன் செய்து சில வினாடியில் ஒரே ஒரு 'டக்' என்றால் அது ப்ரொடெக்‌ஷன் ரிலே, அது வரத்தான் வேண்டும். விடாமல் 'ம்ம்ம்' என்று கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் ஹம், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் வரும், சூட்டோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. சத்தத்தோடு கருகல் வாசனை வந்தாலோ, ஒழுங்கில்லாமல் 'சிர்ர்' என்று பொரிந்தாலோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. பல வருடம் அமைதியாக இருந்த ஆம்ப் திடீரென்று டிக்கடிக்க ஆரம்பித்தால், சத்தத்தைத் தேடுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள். ஹீட்சிங்க் முன்பைவிட அதிகம் கொதிக்கிறதா? 55 டிகிரி வாக்கில் இருந்தால் உள்ளங்கையைச் சில வினாடி வைத்திருக்க முடியும். வைத்த உடனே எடுக்க வேண்டியிருந்தால் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) ஏறியிருக்கலாம், அல்லது தூசி அடைத்து, மேலே காற்றோட்டம் இல்லாமல் இருக்கலாம். மேல்பக்கம் பதினைந்து சென்டிமீட்டராவது இடம் வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பளபளப்பான அலுமினியத்தில் நேராக அடிக்காதீர்கள், தப்பாகக் காட்டும்; சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள்.

பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை

இது நிறையப் பேர் தாண்டிப் போகும் இடம். சத்தம் ஆம்பில் இல்லாமல், அது உட்கார்ந்திருக்கும் ராக்கில் (அடுக்குத் தட்டில்) இருக்கலாம். ஆம்பின் ரப்பர் கால்கள் கண்ணாடி அல்லது பாலிஷ் செய்த மரத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடித்தட்டு விரிய விரியக் கால்கள் இழுபட்டு, ஒரு கட்டத்தில் 'டொக்' என்று விடுபடும். பெரிய தட்டு அதைத் தபேலா மாதிரி பெரிதாக்கிக் கொடுக்கும். காலுக்குக் கீழே நான்கு துண்டு கனமான ஃபெல்ட் வைத்துவிட்டு ஒரு நாள் கேளுங்கள். காற்று போகும் துவாரங்கள் கீழே இருந்தால் ஃபெல்ட் அவற்றை மறைக்கக்கூடாது.

அப்புறம் ஏசி. சென்னை வெயிலில் அறை 33 டிகிரியில் இருக்கும், ஆம்ப் அதற்கு மேல் 25 டிகிரி ஏறி நிற்கும், நீங்கள் ஏசியைப் போடுவீர்கள், அந்தக் குளிர்காற்று ஒரு பக்க ஹீட்சிங்க்கில் மட்டும் நேராக அடிக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது ஆறுவதும் நின்றதும் மறுபடி சூடாவதுமாக, ஒரு மணி நேரத்தில் அடங்கவேண்டிய சத்தம் ராத்திரி முழுக்க நீளும். ஏசியின் காற்றுத்திசையை மாற்றினாலே தீர்ந்துபோன ஆம்ப் ஒன்றை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஃபேனுக்கும் இது பொருந்தும்.

இவை இரண்டும் இல்லையென்றால் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். காதை நம்பாதீர்கள், உலோகத்தில் சத்தம் ஓடும், வலது பக்கம் உண்டாவது இடது பக்கம் கேட்கும். மெக்கானிக் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு முழம் நீளத்துக்கு மரக்குச்சி போதும். ஒரு முனையைப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஊன்றி, மறு முனையைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் மட்டும்தான், துவாரத்துக்குள் எதையும் விடக்கூடாது. ஒவ்வொரு மூலையிலும் ஐந்து நிமிடம். பெரிதாகவும் 'கூர்மையாகவும்' கேட்கும் மூலைதான் நமக்கு வேண்டியது.

எனக்குக் கைகொடுத்தது கட்டைவிரல். விளக்கை அணைத்துவிட்டு ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, டாப் கவரின் பின்பக்க வலது மூலையில் விரலை அழுத்தி வைத்திருந்தேன். நாற்பது வினாடிக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. விரலை எடுத்தேன், எடுத்த வேகத்தில் 'டக்'. விரலிலும் அந்தத் துடிப்பு தெரிந்தது, யாரோ தட்டுக்கு அடியிலிருந்து நகத்தால் சுண்டிய மாதிரி. மறுநாள் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்க்ரூ தலை உட்காரும் இடத்தில் கறுப்பு பவுடர் கோட்டிங் பிறை வடிவத்தில் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னியது. மற்ற ஏழு ஸ்க்ரூவின் கீழும் அப்படி இல்லை. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் இந்தப் பிறை நன்றாகத் தெரியும். வழுக்கல் எங்கே நடக்கிறது என்று உலோகமே எழுதிவைத்த குறிப்பு அது.

பிறை தெரியவில்லை என்றால் இன்னொரு வழி: ஆறிய ஆம்பில், இரண்டு தட்டு சேரும் கோட்டுக்குக் குறுக்கே கூரான பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் சூடாக்கிவிட்டு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அந்த இணைப்பு நகர்கிறது.

திறப்பதற்கு முன்

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். சத்தத்தைப் போனில் ரெக்கார்ட் செய்து, ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் வருகிறது என்ற குறிப்போடு விற்றவரிடம் கொடுங்கள்.

வாரண்டி முடிந்திருந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பவர் ஆம்பில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பெரியவை: 20,000 மைக்ரோஃபாரட், 70 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் 49 ஜூல் இருக்கும், அது விரலைச் சுடவும் ஸ்பேனர் நுனியில் தீப்பொறி பறக்கவும் போதும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ரெயிலையும் (கெப்பாசிட்டரிலிருந்து போகும் டிசி சப்ளை லைனையும்) அளப்பது. இரண்டு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியில் பிடித்து அரை நிமிடம் வைத்து இறக்குங்கள், மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வால்வு ஆம்பில் வோல்டேஜ் பல நூறு இருக்கும். அனுபவம் இல்லாதவர் அதைத் திறக்கவே கூடாது.

மூடி

பெரும்பாலும் குற்றவாளி டாப் கவர்தான். மெல்லிய தகடு, பெரிய பரப்பு, எட்டு பத்து ஸ்க்ரூ. உறுதிப்படுத்துவது சுலபம்: எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு மூடியைச் சும்மா மேலே வைத்து, ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், குழந்தைகளும் பூனையும் வராத அறையில். சத்தம் இல்லையென்றால் மூடிதான்.

மூடியில் இரண்டு விதச் சத்தம் உண்டு. ஒன்று ஓரத்தில் வழுக்கும் டிக். இன்னொன்று நடுவில் 'டொப்' என்று வருவது, எண்ணெய் டின்னின் அடியை அழுத்தினால் வருமே, அது. ஓரங்கள் பூட்டியிருக்க, நடுப்பகுதி சூடேறி விரிய இடமில்லாமல் மேல்பக்கமோ கீழ்பக்கமோ குமிழாகப் புடைக்கிறது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: ஆம்பை நன்றாகச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு இருக்கும்போதே எல்லா மூடி ஸ்க்ரூவையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். தளர்த்தும்போதே ஒன்றிரண்டு 'டக்' கேட்கலாம், அடைபட்டிருந்த விசை வெளியே வருகிறது. பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிராக, விரல் நுனியில் ஆலன் கீயைப் பிடித்து வாஷர் சற்றே கடிக்கும்வரை மட்டும் இறுக்குங்கள். மணிக்கட்டு பலம் வேண்டாம். எம்3, எம்4 ஸ்க்ரூவுக்கு இதுவே போதும். நிறைய ஆம்ப் இந்த ஒரு படியிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் வழுக்குப் பரப்பு கொடுக்கவேண்டும். மூடியும் சேஸியும் (பெட்டியின் உடற்சட்டம்) தொடும் விளிம்பு முழுவதையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு கேப்டான் டேப் ஒட்டுங்கள், அந்த மஞ்சள்-பழுப்பு நிறக் கண்ணாடி மாதிரி டேப். அது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மூடி உட்காரும் விதம் மாறாது. டெஃப்லான் டேப் இன்னும் நன்றாக வழுக்கும். பசை உள்ளதாக வாங்குங்கள், பிளம்பிங் கடையில் கிடைக்கும் பசையில்லாத வெள்ளை டேப் சுருண்டு போய்விடும். ஸ்க்ரூ தலைக்குக் கீழே நைலான் வாஷர். ஸ்க்ரூ துளை இறுக்கமாக இருந்தால் 3 மி.மீ. துளையை 3.5 ஆக்கினால் எல்லாத் திசையிலும் கால் மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், ஆனால் துளைபோடும் வேலையை மூடியைத் தனியே எடுத்துக்கொண்டு போய் வேறு அறையில் செய்யுங்கள். ஒரு அலுமினியத் துருவல் சர்க்யூட் போர்டில் விழுந்தால் போதும், நஷ்டம் பெரிது. மறுவிற்பனை நினைப்பவர்கள் துளையைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டேப்பும் நைலான் வாஷரும் மின்சாரத்தைக் கடத்தாது. எல்லா ஸ்க்ரூவுக்கும் போட்டுவிட்டால் மூடி எர்த்திலிருந்து பிரிந்துவிடும். உள்ளே ஏதாவது ஒயர் கழன்று மூடியைத் தொட்டால் ஃபியூஸ் போகாமல், தொட்டால் ஷாக் அடிக்கும்படி மூடியில் மின்சாரம் நிற்கும். அதனால் ஒரு ஸ்க்ரூ, முடிந்தால் நடுவில் இருப்பது, உலோகத்தோடு உலோகம் நேராகத் தொடவேண்டும், கீழே பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு நன்றாக இறுக்கியிருக்கவேண்டும். அனோடைஸ் செய்த பரப்பும் பெயிண்டும் கடத்தாது, அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள். அந்த ஒன்றுதான் நிலையான புள்ளி, மற்றவை அதைச் சுற்றி நகரட்டும். இன்னும் நல்லது, உள்ளே சேஸியிலிருந்து மூடிக்கு ஒரு பச்சை எர்த் ஒயர் ஓடவிடுவது. முடித்ததும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் மூடிக்கும், பின்பு ஒவ்வொரு பேனலுக்கும், மீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டர் லீடின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரவேண்டும்.

'டொப்' என்று புடைக்கும் மூடிக்கு உள்பக்கம் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒரு கையகலம் ஒட்டினால் சத்தம் மந்தமாகும். கார் கதவுக்கு ஒட்டுவதுதான். தார் கலந்த மலிவான ஷீட் வேண்டாம், சூட்டில் வாடை வரும், ஒழுகவும் செய்யும். ஹீட்சிங்க்குக்கு நேர் மேலேயும் துவாரங்கள் மேலேயும் ஒட்டாதீர்கள்.

எண்ணெய், மெழுகு, ஸ்ப்ரே இவை பற்றி எல்லோரும் கேட்பார்கள். மெழுகு 50-60 டிகிரியில் உருகிவிடும், நம் ஹீட்சிங்க் ஓடுவதே அங்கேதான். எண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறாகும். சிலிக்கான் ஸ்ப்ரேயை ரிலே இருக்கும் பெட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது ஆவியாகப் பரவி கான்டாக்ட்டில் படிந்து புதுப் பிரச்சினை கொடுக்கும். டெஃப்லான் டேப் போதும்.

ஹீட்சிங்க்

மூடி இல்லாமலும் சத்தம் வந்தால் அடுத்தது ஹீட்சிங்க் சேஸியோடு சேரும் இடம். முன்பக்கம் பத்து மில்லிமீட்டர் கனத்தில் அலுமினியப் பேனல், பின்பக்கம் ஸ்டீல் தகடு, கீழே ஸ்டீல் தட்டு, இவை எல்லாவற்றிலும் ஹீட்சிங்க்கைப் பூட்டியிருப்பார்கள். ஒரு முனையைப் பிடித்து மறு முனையை விடும் பாலம் கணக்கு இங்கேதான் அப்படியே பொருந்தும். முன்பேனலோடு சேரும் ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்குங்கள். இரண்டும் அலுமினியம், சூட்டிலும் ஓரளவு ஒத்துப்போகும். அடித்தட்டோடும் பின்தட்டோடும் சேரும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அலை வடிவ ஸ்பிரிங் வாஷரும் அதன் கீழே நைலான் வாஷரும் போட்டு, ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை மட்டும் திருப்புங்கள். இரண்டு தட்டுக்கு நடுவேயும் கேப்டான் டேப் துண்டு. தளர்வான ஸ்க்ரூ காலப்போக்கில் கழன்றுவிடாமல் இருக்க மரையில் ஊதா நிற லாக்டைட் 222 ஒரு சொட்டு; சிவப்பு நிற வகை வேண்டாம், பின்னால் கழற்ற முடியாமல் போகும். லாக்டைட் நைலானிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடவைக்கும். ஹீட்சிங்க்குக்கும் எர்த் தொடர்பு இருக்கிறதா என்று மறுபடி மீட்டரில் பாருங்கள்.

கனம் கவனத்தில் இருக்கட்டும். பெரிய ஹீட்சிங்க் எட்டு பத்து கிலோ இருக்கும், எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சாய்ந்து டிரான்சிஸ்டர் கால்களைப் பிய்த்துவிடும். ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்தது.

சில ஹீட்சிங்க்கில் சத்தம் உண்டாவது வேறு எங்கோ, பெரிதாகக் கேட்பது துடுப்புகளால். நகத்தால் ஒரு துடுப்பைச் சுண்டிப் பாருங்கள், கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால், துடுப்புகளுக்கு நடுவே சிலிக்கான் ரப்பர் கயிறு ஒன்றை மேலும் கீழும் அழுத்திச் செருகலாம். காற்று மேலே போகும் பாதையை முழுக்க அடைக்காத அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும்.

தொடக்கூடாத ஸ்க்ரூக்கள்

அவுட்புட் டிரான்சிஸ்டரை ஹீட்சிங்க்கோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள் வேறு சாதி. அவற்றைத் தளர்த்தினால் சத்தம் குறையலாம், ஆனால் சூடு கடத்தல் கெட்டு டிரான்சிஸ்டர் போய்விடும். அதிகம் இறுக்கினாலும், இடையில் இன்சுலேஷனுக்காக இருக்கும் மைக்கா தகடு விரிசல் விடும், ஷார்ட் ஆகும். தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கும் விசை) அளவில்தான் இருக்கவேண்டும், கையில் டார்க் டிரைவர் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நல்ல ஆம்புகளில் இந்த ஸ்க்ரூவின் கீழே கூம்பு வடிவ ஸ்பிரிங் வாஷர் இருக்கும், சூட்டில் விரிந்து சுருங்கினாலும் அழுத்தம் குறையாமல் இருக்க. கழற்றினால் அதைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம் டிரான்சிஸ்டர் கால்களும் போர்டும். போர்டு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 15 மைக்ரான் விரியும், ஹீட்சிங்க் 23. போர்டை ஹீட்சிங்க்கிலேயே பூட்டி, டிரான்சிஸ்டர் கால்களைப் போர்டில் சால்டர் செய்திருந்தால், ஒவ்வொரு தடவை ஆன் ஆஃப் செய்யும்போதும் அந்த வித்தியாசம் சால்டர் மீதுதான் ஏறும். வருடக்கணக்கில் இது நடந்தால் காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் விழும். ஆகவே டிக் சத்தம் போர்டைத் தாங்கும் ஸ்பேஸர் பக்கம் என்று தெரிந்தால், பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து எல்லாப் பெரிய கால்களின் சால்டரையும் பாருங்கள். சாம்பல் நிறமாக, வட்டக் கோட்டோடு இருப்பவற்றைப் புதுச் சால்டர் வைத்துச் சரிசெய்யவேண்டும். போர்டின் ஒரு ஸ்பேஸர் ஸ்க்ரூவை இறுக்கமாக விட்டு மற்றவற்றில் நைலான் வாஷர் போட்டுக் கொஞ்சம் இளக்கினால் சத்தமும் போகும், சால்டரின் சுமையும் குறையும். ஆனால் ஸ்பேஸர் வழியாகத்தான் போர்டுக்கு கிரவுண்ட் கிடைக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு. டிரான்சிஸ்டர் மாற்ற நேர்ந்தால், முதலில் ஹீட்சிங்க்கில் பூட்டி, அப்புறம் கால்களைச் சால்டர் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் பூட்டும்போதே காலை இழுத்துவிடுகிறீர்கள்.

டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரின் நடு போல்ட்டிலும் கை வைக்கத் தோன்றும். அது தளர்ந்திருந்தால் லேசாக இறுக்கலாம், ரப்பர் பேட் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். அந்த போல்ட்டின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் சேஸியைத் தொடக்கூடாது. மேலே ஒரு பட்டி வைத்துப் பிடிக்கலாம் என்று நினைத்து இரண்டு பக்கமும் உலோகத்தால் இணைத்தால் அது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு ஷார்ட் ஆன சுற்றாகிவிடும், ஆன் செய்த உடனே ஃபியூஸ் போகும், அதற்கும் மோசமாகவும் ஆகலாம். மூடி தாழ்ந்து அந்த போல்ட் தலையைத் தொட்டாலும் இதே கதிதான்.

வால்வு ஆம்பில் ஆன் செய்ததும் ஆஃப் செய்ததும் கண்ணாடிக்குள் 'கிணிங்' என்று கேட்பது உள்ளிருக்கும் தகடுகள் விரிவதால். அதற்கு எதுவும் செய்யவேண்டாம், செய்யவும் முடியாது. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரில் அது கேட்டால் மட்டும் அந்த வால்வை மாற்றிப் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு இணைப்பைச் சரிசெய்து, ஒரு முழுச் சூடும் ஒரு முழு ஆறலும் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், இல்லாவிட்டால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். நான் ஒரு சின்ன நோட்டில் ஆன் செய்த நேரம், ஒவ்வொரு சத்தமும் வந்த நிமிடம் என்று எழுதிவைத்தேன். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு டிக். மூடியைத் தளர்த்தி மறுபடி பூட்டியபின் ஒன்பது. பின்தட்டு ஸ்க்ரூவுக்கு வாஷர் போட்டதும் இரண்டு, அதுவும் காதைப் பக்கத்தில் வைத்தால்தான். அங்கே நிறுத்திக்கொண்டேன். உட்கார்ந்து கேட்கும் இடத்தில் கேட்காத சத்தத்துக்காகப் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறப்பது ஆம்புக்கு நல்லதில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஆறிய நிலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இளக்கிப் பூட்டிய ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், எர்த்தையும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். நைலானுக்குப் பதிலாக டெஃப்லான் வாஷர் போட்டிருந்தால் இது கட்டாயம், அது அழுத்தத்தில் மெல்லப் பரந்து கனம் குறையும், அதன் மேலிருந்த ஸ்க்ரூ தானாகவே தளர்ந்திருக்கும். கால் சுற்று திருப்பிவிட்டால் போதும்.